திண்ணையை அறையாக்கும் வீட்டாருக்கு



கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, நம் சபைக் குடும்பம் ஒன்று புதிதாகக் கட்டிய அறையை ஜெபித்துத் திறந்து வைக்கும்படி என்னை அழைத்திருந்தது. விருத்தாசலம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் அவர்கள் வீடு. அவர்களுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆயினும் பெயர் வேண்டாம்.

புதிய அறை என்றாலும் அது புதிய இடம் அன்று. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வீட்டின் முகப்பில் இருந்த தாழ்வாரமே அது. இரண்டு தூண்கள், மேலே தளம், தெருப்பக்கம் ஒரு சிமெண்டுத் திண்ணை, மூன்று புறமும் திறந்த வெளி. வீட்டுப் பெரியவர் பக்கவாதத்தில் விழுந்த நாள் முதல் நான்கு ஆண்டுகளாக அங்கேதான் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். மழைக்காலத்தில் சாரல் அடிக்கும். மார்கழியில் பனி இறங்கும். கொசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இவற்றையெல்லாம் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து மனம் பொறாத மகன், சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்தவுடன் ஆள் வைத்து வேலையைத் தொடங்கிவிட்டார். தூண்களுக்கிடையே சுவர் எழுந்தது. தரைக்கு டைல்ஸ் போட்டார்கள். மூலையில் நாற்காலி போல அமரும் கழிப்பறை ஒன்றும் கட்டினார்கள். குளிர்சாதனம் வைப்பதால் குளிர் வெளியேறக் கூடாது என்று யாரோ சொன்னதன்பேரில் ஜன்னல் வைக்கவில்லை. கூரையை ஒட்டி ஒரு சிறிய வென்டிலேட்டர் மட்டும். விடுப்பு முடிவதற்குள் எல்லாம் நிறைவேறிவிட்டது. ஒரு மகன் தகப்பனுக்குச் செய்யக்கூடியதில் குறையொன்றும் இல்லை என்றே எனக்குத் தோன்றியது. கைகளை உயர்த்தி, மனதார ஜெபித்தேன்.

ஜெபம் முடிந்து எல்லாரும் தேநீர் எடுக்க உள்ளே போனபோது பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பேச்சு குழறினாலும் எனக்கு விளங்கும்.

“ஐயா, மணி என்ன?”

ஆறேகால் என்றேன்.

“விளக்கு வெச்சாச்சா?”

நான் வீடு திரும்பும் வழியில்தான் அந்தக் கேள்வி என்னைத் தைத்தது. திண்ணையில் கிடந்த நான்கு ஆண்டுகளில் அவர் யாரிடமும் மணி கேட்டு நான் பார்த்ததில்லை. பால்காரரும், பள்ளிப் பிள்ளைகளும், மாலை நேரத்துப் பேருந்தின் ஒலிப்பானும் அவருக்குக் கடிகாரமாக இருந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நீர் தெளித்தால் பொழுது விடிந்தது. தெருவிளக்கு எரிந்தால் பொழுது சாய்ந்தது. அந்தக் கடிகாரத்தை நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து செங்கல்லால் மூடி, அதன்மேல் ஜெபமும் செய்துவிட்டிருந்தோம். அறைக்குள் நுழைந்த நான் டைல்ஸைப் பார்த்தேன், குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தேன், மகனின் முகத்தைப் பார்த்தேன். கட்டிலில் கிடக்கிறவரின் கண் எதைப் பார்க்கும் என்று பார்க்கவில்லை. இந்த வாரச் சிந்தனையை என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிட விரும்புகிறேன். திண்ணையைச் சுவரெழுப்பி அறையாக்குவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. திண்ணை போயிற்று, தமிழர் விருந்தோம்பல் போயிற்று என்று ஆண்டுதோறும் யாராவது எழுதுகிறார்கள். அப்படி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நான்கு அறைகள் உள்ள வீட்டில் அமர்ந்து எழுதுகிறார்கள் என்பது என் எண்ணம். நம் சபையில் பல குடும்பங்களுக்கு வீடு என்பது அரசுத் திட்டத்தில் கிடைத்த ஒன்றரை அறை. 2024-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீட்டின் அளவு 360 சதுர அடி, அதற்கான தொகை மூன்றரை லட்சம் ரூபாய். அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். எஞ்சிய 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு பொருளால் கூரை அமைத்துக்கொள்ளலாம். மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்த அளவு 25 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 269 சதுர அடி, சமையலிடமும் அதற்குள்தான். அந்த அளவுக்குள் மணமான மகனும் மருமகளும், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளும், பாட்டியும் இருக்க வேண்டுமென்றால், முன்புறம் கூரையோடு இருக்கும் அந்தச் சிறிய இடத்தைத் தட்டி வைத்தாவது மறைக்காமல் என்ன செய்வார்கள்? வயதுவந்த மகளுக்கு உடைமாற்ற ஒரு கதவுள்ள இடம் வேண்டும் என்று ஒரு தாய் விரும்புவதைப் பண்பாட்டின் பெயரால் யாரும் குறைசொல்ல வேண்டாம்.

வேறொரு காரணமும் உண்டு. அது நம் கையில் இல்லை. பழைய சாலையின்மேல் புதிய சாலை, அதன்மேல் இன்னொரு சாலை என்று தார் ஏற ஏற வீடுகள் தாழ்ந்துவிட்டன. இடுப்பளவு இருந்த திண்ணை முழங்காலளவு ஆயிற்று. பிறகு சாலைக்குச் சமமாயிற்று. 2021 மே மாதத்தில், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அவர்கள், பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். அதற்குள் பல தெருக்களில் காரியம் கடந்துவிட்டிருந்தது. சாலைப் புழுதியும் வாகனப் புகையும் நேராக முகத்தில் அடிக்கும் ஒரு திண்ணையில் யார் அமருவார்கள்?

திண்ணையைப் புகழ்கிறவர்கள் இன்னும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நம் பாட்டன் பாட்டிமாரில் எத்தனை பேர் ஊர்த்தெருத் திண்ணைகளில் அமர்ந்திருக்கிறார்கள்? என் தாத்தா அறுவடைக் கூலிக்காகப் பண்ணையார் வீட்டு வாசலுக்குப் போவார். திண்ணையில் நிழல் இருக்கும், இடமும் இருக்கும். அவர் தெருவில், வெயிலில் நிற்பார். கூப்பிட்டபோது திண்ணையின் அடியில் துண்டை விரிப்பார். வழிப்போக்கர் யாவருக்கும் திறந்திருந்தது என்று எழுதப்படும் அந்தத் திண்ணை, எல்லா வழிப்போக்கருக்கும் திறந்திருக்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாக ஆளுநர் தாமஸ் மன்றோ 1826-இல் பதிவு செய்தது உண்மை. அந்த எண்ணிக்கையில் சேரியின் பிள்ளைகளைத் தேடினால் கிடைப்பது அரிது.

ஆயினும் அதே திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு நம் திருச்சபை ஒரு கடன் பட்டிருக்கிறது. 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், தமிழைப் புத்தகத்திலிருந்து கற்கத் தொடங்கவில்லை. ஒரு முதிய ஆசிரியரைப் பிள்ளைகளோடு தம் இருப்பிடத்துக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளின் நடுவே தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை வரைந்து கற்றார். கற்றுக்கொடுக்க வந்தவர் முதலில் சிறுபிள்ளைகளின் வரிசையில் உட்கார வேண்டியிருந்தது. அரசரடியில் இறையியல் படித்த காலத்தில் இதை வாசித்தபோது எனக்கு அது ஒரு வரலாற்றுக் குறிப்பாகவே இருந்தது. ஊழியத்துக்கு வந்து, மூடிய கதவுகளுக்கு வெளியே நின்று பழகிய பிறகுதான் அதன் பொருள் புரிந்தது.

உள்ளேயும் அல்லாத வெளியேயும் அல்லாத ஓர் இடம் மனிதருக்குத் தேவைப்படுகிறது. வீட்டுக்குள் அழைக்கும் அளவுக்கு நெருக்கம் இல்லை; வாசலோடு அனுப்பிவிடும் அளவுக்குத் தூரமும் இல்லை. அப்படிப்பட்டவரை எங்கே அமர்த்துவது? நம் ஊர்க்காரர்களுக்கு இது விளங்காததன்று. மாசிமகத்தின்போது பூவராகர் கோவில் உற்சவர் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். அங்கே தர்காவைச் சேர்ந்த இஸ்லாமியப் பெரியவர்கள் எதிர்கொண்டு வரவேற்று மரியாதை செய்கிறார்கள். ஸ்ரீமுஷ்ணத்தில் ஊழியம் செய்கிற ஒரு போதகனாக நான் இதை மதிப்போடு பார்த்திருக்கிறேன். யாரும் யாருடைய வழிபாட்டையும் ஏற்கும்படி கேட்கப்படவில்லை. வழியில் நின்று மரியாதை செய்ய இருவருக்கும் ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

புதுச்சேரியின் வைசியாள் வீதியைச் சிலர் பார்த்திருப்பீர்கள். கால்வே சுப்பராய செட்டித் தெரு என்றும் அதற்குப் பெயர். அங்கே பழைய தமிழ் வீடுகளின் முகப்பில் இரண்டு அடுக்குகள். தெருவை ஒட்டி மரத்தூண்களின்மேல் சரிவான கூரையோடு ஒரு தாழ்வாரம். அது நடந்து போகிறவர்களுக்கு. அதற்கு உட்புறம் சற்று உயரத்தில் திண்ணை. அது வீட்டாரைத் தேடி வருகிறவர்களுக்கு. காலப்போக்கில் இடிபட்டும் அடைபட்டும் போன அந்த முகப்புகளை இன்டாக் அமைப்பு மீட்டெடுத்தது. அந்தப் பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுச்சின்ன விருது கிடைத்தது. ஆனால் அது ஒரு தெரு. நம் சபையாரின் வீடுகளை மீட்டெடுக்க யாரும் விருது கொடுக்கப் போவதில்லை. எது தேவையோ அதை நாமே முடிவு செய்ய வேண்டும்.

திருமறையில் திறந்த இடத்தை அறையாக்கிய ஒரு பெண்மணி இருக்கிறார். 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தின் சூனேம் ஊராள். எலிசா அந்த வழியாக வரும்போதெல்லாம் அவள் அவருக்கு உணவளித்தாள். பிறகு தன் கணவனிடம் பேசி, மேல்தளத்தில் ஒரு சிறிய அறை கட்டலாம் என்றாள். அங்கே எபிரேய மொழியில் வரும் ‘அலியத் கீர்’ என்ற தொடரை ‘சுவருள்ள மேலறை’ என்று கொள்ளலாம். பாலஸ்தீன நாட்டு வீடுகளின் தட்டையான மேல்தளம் மக்கள் காற்று வாங்கவும், தானியம் உலர்த்தவும், கோடையில் உறங்கவும் பயன்பட்ட திறந்த இடம். அங்கே தழைகளால் பந்தல் போட்டாலே விருந்தாளிக்குப் போதும் என்று பலர் நினைத்திருப்பார்கள். இவள் பந்தல் போடவில்லை; சுவர் எடுத்தாள். அதற்குள் நான்கு பொருள்களை வைத்தாள்: கட்டில், மேஜை, நாற்காலி, விளக்கு.

இந்தப் பகுதியை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். தாராள குணம், விருந்தோம்பல், விசுவாசம் என்றெல்லாம் பேசியிருக்கிறேன். அந்த நான்கு பொருள்களை இப்போதுதான் கவனித்துப் பார்க்கிறேன். கட்டில் மட்டும் வைத்திருந்தால் அது படுக்கிற இடம். மேஜையும் நாற்காலியும் விளக்கும் வைத்ததால், அங்கே வருகிறவர் படிப்பார், எழுதுவார், இரவில் நெடுநேரம் விழித்திருப்பார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் யார், எப்படி வாழ்கிறவர் என்பதை முதலில் கண்டுகொண்டு, பிறகு அறையைக் கட்டினாள். நாமோ அறையைக் கட்டி முடித்துவிட்டு, அதற்குள் ஆளை வைக்கிறோம்.

கதை அங்கே முடியவில்லை. அவளுக்குக் கைம்மாறாக என்ன செய்யலாம், ராஜாவிடம் பரிந்து பேச வேண்டுமா என்று எலிசா கேட்டனுப்புகிறார். அவள் எதையும் கேட்கவில்லை. தன் மக்களின் நடுவே தான் வாழ்வதாக மட்டும் பதில் சொல்கிறாள். அரசனின் தயவைவிட அவளுக்கு அதுவே போதுமானதாயிருந்தது. நம் பெரியவரிடமும் யாராவது கேட்டிருந்தால் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். பல ஆண்டுகளுக்குப் பின் அவளுடைய ஒரே மகன் இறந்தபோது, அவள் அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் கிடத்தியது அந்த அறையில்தான். அந்நியருக்காகக் கட்டிய அறையிலேயே அவளுடைய சொந்தப் பிள்ளை உயிரோடு திரும்பக் கிடைத்தான்.

இதற்கு மாறாக லூக்கா 16-இல் ஐசுவரியவானின் வாசல் இருக்கிறது. லாசரு அங்கே கிடந்தான். அந்த வாசலில் அவன் கிடப்பதை யாரும் தடுத்ததாகச் சொல்லப்படவில்லை. நம் ஊர் மொழியில் சொன்னால், அந்த வீட்டுக்குத் திண்ணை இருந்தது. இருந்தும் என்ன? ஒருவன் நாள்தோறும் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். ஆகையால் திண்ணையைத் திறந்து வைத்திருப்பதால் ஒருவன் நல்லவனாகிவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். அடைத்துவிட்டவன் கெட்டவன் என்றும் சொல்லமாட்டேன். யாருக்காக இந்தச் சுவர் எழுகிறது, இதனால் யார் எதை இழக்கிறார் என்று கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள் என்று மட்டும் வேண்டுகிறேன்.

இனி சில உலகியல் காரியங்கள். போதகருக்குச் செங்கல்லைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். பட்டுத் தெரிந்துகொண்டது.

முன்பு ஊழியம் செய்த ஊரில், என் தாயார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் ஆனபோது, குருமனையின் முன் தாழ்வாரத்தைச் சபையின் அனுமதியோடு அறையாக்கினேன். அகலம் ஆறடி. ஒரு கட்டில் மூன்றடி போனால் மூன்றடி மிச்சம். தாராளம் என்று நினைத்தேன். அம்மா தேறி, நடைச்சட்டத்தைப் பிடித்து நடக்கத் தொடங்கியபோது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே திரும்ப முடியவில்லை. சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஐந்தடி விட்டம் வேண்டும் என்பதை அதன் பிறகு ஒரு பொறியாளர் சொல்லித் தெரிந்துகொண்டேன். தேசியக் கட்டட விதித்தொகுப்பைப் புரட்டிக் காட்டியவரும் அவரே. ஒருவர் வாழும் அறை என்றால், வீட்டில் அது ஒன்றே அறையாக இருக்கும்போது, குறைந்தது ஒன்பதரை சதுர மீட்டர் பரப்பும் 2.4 மீட்டர் அகலமும் வேண்டும். நம் கணக்கில் ஏறத்தாழ நூறு சதுர அடி, எட்டடி அகலம். இரண்டு அறைகள் உள்ள வீட்டில் இரண்டாவது அறை ஏழரை சதுர மீட்டரும் ஏழடி அகலமும் இருந்தால் போதும். தளத்தின் உயரம் ஒன்பது அடி. நம் தாழ்வாரங்களில் பெரும்பாலானவை நான்கடி, ஐந்தடி அகலம். அவற்றை அடைத்தால் பொருள் வைக்கும் இடம் கிடைக்கும். மனிதர் வாழும் இடம் கிடைக்குமா என்று அளந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

என் இரண்டாவது தவறு இதைவிடப் பெரிது. தாழ்வாரத்துக்குப் பின்னால் இருந்த அறையில் என் மகள் படித்துக்கொண்டிருந்தாள். அந்த அறையின் ஒரே ஜன்னல் தாழ்வாரத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. தாழ்வாரத்தை அடைத்த மறுநாள் முதல் அவள் நண்பகலிலும் குழல்விளக்கைப் போட்டுப் படித்தாள். ஜன்னல் வெளிக்காற்றை நோக்கியோ, திறந்த தாழ்வாரத்தை நோக்கியோ திறக்க வேண்டும் என்றே விதித்தொகுப்பு சொல்கிறது. தாழ்வாரம் மூடப்பட்டால் உள்ளறையின் ஜன்னல் ஜன்னலாக இருப்பதில்லை. ஓர் அறையை உண்டாக்கும்போது இன்னோர் அறையைக் குருடாக்கிவிடுகிறோம். ஆகவே முன்னால் சுவர் வைக்குமுன் உள்ளறைக்குப் பக்கச் சுவரிலோ பின்சுவரிலோ வேறொரு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். நம்முடையதைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிக்கு, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் பரப்பாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. நூறு சதுர அடி அறைக்குப் பதினேழு சதுர அடி. நான்கடிக்கு மூன்றடி ஜன்னல் ஒன்று வைத்தாலும் போதாது, இரண்டு வேண்டும். குளிர்சாதனம் இருக்கிறதே என்பீர்கள். மின்சாரம் எத்தனை மணிநேரம் இருக்கும் என்று 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயலைக் கண்ட கடலூர் மாவட்டத்தாருக்கு நான் சொல்ல வேண்டுமா?

தூண்களுக்கிடையே சுவர் எழுப்பும்போது கடைக்காலைக் கேளுங்கள். தூணுக்குக் கீழே கடைக்கால் இருக்கும். தூணுக்கும் தூணுக்கும் நடுவே பல வீடுகளில் வெறும் மண்நிரப்புதான். அதன்மேல் நேராகச் செங்கல் வைத்தால் இரண்டு மழைக்குப் பின் சுவர் இறங்கும். பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் மூலையில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடும். பழைய சுவரில் பல் வெட்டி, அதில் புதிய செங்கல்லைக் கோத்துக் கட்டும்படி கொத்தனாரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் நல்ல கொத்தனார் செய்வார், அவசரப்படுத்தினால் செய்யமாட்டார். தாழ்வாரத்தின் ஓரத்தில் விறகடுப்பு வைத்துச் சமைக்கிற வீடுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. அங்கே சுவரெழுப்பினால் அடுப்பை முதலில் இடம் மாற்றுங்கள். மூடிய இடத்தில் தேங்கும் புகை கண்ணை எரிப்பதோடு நிற்காது, உயிரையும் எடுக்கும். பேரூராட்சி அலுவலகத்தில் அனுமதி பெறுவதைப் பற்றி நான் அதிகம் எழுதத் தேவையில்லை. கட்டிய பிறகு போய் நிற்பதைவிடக் கட்டுமுன் போய் நிற்பது செலவு குறைவு.

புதிய தளத்தின் மழைநீர் யார் பக்கம் விழுகிறது என்பதையும் பாருங்கள். சபைக்குள்ளேயே இரண்டு குடும்பங்கள் ஒரு சன்ஷேடுக்காக இராப்போஜனத்துக்கு ஒன்றாக வராத காலத்தை நான் பார்த்திருக்கிறேன். உபாகமம் 22:8 வீட்டு மேல்தளத்துக்குக் கைப்பிடிச்சுவர் கட்டச் சொல்கிறது. விழுகிறவன் அயலானாக இருந்தாலும் அந்தப் பொறுப்பு வீட்டுக்காரனைச் சேர்ந்தது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலியை அன்றன்றே கொடுத்துவிடுங்கள். எரேமியா 22-இல் பெரிய மாளிகையும் விசாலமான மேலறைகளும் கட்டிய ஓர் அரசனைப் பற்றித் தீர்க்கதரிசி பேசும்போது, அவன் கட்டியதை அல்ல, கூலி கொடாமல் கட்டியதையே கண்டிக்கிறார்.

இடம் இருக்குமானால் இன்னொன்றும் செய்யலாம். தாழ்வாரம் முழுவதையும் அடைக்காமல், வாசலின் ஒரு பக்கத்தை அறையாக்கி மறுபக்கத்தைத் திண்ணையாகவே விட்டுவிடுங்கள். அதற்கும் வழியில்லையா? புதிய சுவரின் வெளிப்புறத்தில், உங்கள் எல்லைக்குள்ளேயே, ஒன்றரை அடி அகலத்தில் ஒரு கல் மேடை போடுங்கள். கடப்பைக் கல் ஒன்று, தாங்க இரண்டு செங்கல் கால்கள், அவ்வளவே செலவு. மேலே சிறிது சன்ஷேடை நீட்டிவிட்டால் தபால்காரரும், எரிவாயு உருளை கொண்டுவரும் தம்பியும், பேருந்துக்குக் காத்திருக்கும் கர்ப்பிணியும் ஐந்து நிமிடம் அமருவார்கள். யார் அமரலாம், யார் அமரக் கூடாது என்று அந்தக் கல்லின் அருகே யாரும் நிற்கப் போவதில்லை. என் தாத்தாவுக்குக் கிடைக்காத அந்த இடத்தை நம் சபையாரின் வீடுகளாவது தெருவுக்குக் கொடுக்கட்டும் என்று எனக்கு ஆசை. ஆசைதான்; இதைக் கட்டளையாகச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

பெரியவரின் வீட்டுக்கு மறுவாரம் மீண்டும் போனேன். மகன் சிங்கப்பூர் திரும்ப ஆறு நாள்களே இருந்தன. எப்படிச் சொல்வது என்று எனக்குத் தயக்கம். சேமிப்பையெல்லாம் செலவழித்துக் கட்டியவரிடம் குறை சொல்வது எளிதன்று. அதுவும் ஜெபித்துத் திறந்து வைத்தவனே சொல்வது. அதனால் ஒன்றும் சொல்லாமல், “தம்பி, அப்பா கட்டிலில் ஐந்து நிமிடம் படுத்துப் பாருங்கள்” என்றேன். பெரியவரை நாற்காலியில் அமர்த்திவிட்டு அவர் படுத்தார். முதலில் சிரித்தார். பிறகு கூரையைப் பார்த்தார், வென்டிலேட்டரைப் பார்த்தார், எதிர்ச்சுவரைப் பார்த்தார். ஐந்து நிமிடம் ஆவதற்குள் எழுந்துவிட்டார். அன்று மாலையே கொத்தனாருக்குத் தொலைபேசியில் பேசினார்.

ஜன்னல் வைக்கும்போது ஒரு சிறு விவாதம் நடந்தது. வழக்கமாக வைப்பதுபோல் தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் வைக்கலாம் என்றார் கொத்தனார். கட்டிலின் உயரமோ ஒன்றரை அடி. மூன்றடியில் வைத்தால் படுத்திருப்பவருக்கு எதிர்வீட்டு மொட்டைமாடியும் வானமும் மட்டுமே தெரியும். பெரியவரின் தலையணையில் ஒரு நூலைப் பிடித்துத் தெரு வரைக்கும் இழுத்துப் பார்த்தார்கள். கடைசியில் இரண்டடி உயரத்தில் அடிமட்டம் வைத்து, நான்கடி அகலத்துக்குச் சுவரை உடைத்தார்கள். உறுதியான கிரில் ஒன்று, உட்புறம் கொசுவலை, குளிர்சாதனம் ஓடும்போது மூடிக்கொள்ளக் கண்ணாடிக் கதவு. புதிய சுவரை உடைக்கிறார்களே என்று தெருவில் சிலர் பேசியது என் காதிலும் விழுந்தது.

நேற்று அந்தப் பக்கம் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலெடுத்து வைப்பதற்குள் ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. எதிர்வீட்டுக் குழாயில் காலையிலிருந்து தண்ணீர் வீணாக ஓடுகிறதாம். போய் மூடிவிட்டு வரச் சொன்னார். மூடிவிட்டு வந்தேன். செருப்பையும் நிழலில் எடுத்து வைக்கச் சொன்னார்.